குடல் பாக்டீரியாவின் குட்டிப் பொட்டலங்கள்!

பாக்டீரியா என்றதும் "ஐயோ, கிருமி!" என்று முகம் சுளிக்கிறோம். தயிர் உறைவதும் இட்லி மாவு பொங்குவதும் அதன் தயவில்தானே? நம் குடலிலும் நல்லது செய்யும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை தம் மேலுறையிலிருந்து சின்னஞ்சிறு குமிழிகளை வெளியே விடுகின்றன. உள்ளே புரதம், கொழுப்பு என்று பொட்டலம் கட்டிய மாதிரி சரக்கு! பாக்டீரியா எட்டிப் போகாத குடல் சுவர் வரைக்கும் இந்தப் பொட்டலம் போய்ச் சேருகிறது.

"அதனால நமக்கென்ன?" என்கிறீர்களா? ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகளிடம் நானும் அதைத்தான் கேட்டேன்.

"நல்ல பாக்டீரியான்னாலும் அதுக்கு உயிர் இருக்கே சித்தி! குறைமாதக் குழந்தையோட ரத்தத்துல கலந்தா ஆபத்து. 2023-ல அமெரிக்காவுல அப்படி ஒரு குழந்தை இறந்துபோய், அரசாங்கமே டாக்டர்களை எச்சரிச்சுது. உயிரில்லாத குமிழியே அந்த நன்மையைச் செஞ்சா எவ்வளவு நல்லது!" என்றாள்.

அவள் சொன்ன உதாரணம் இது. 1917-இல் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மன் டாக்டர், மற்றவர்களெல்லாம் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோதும் நோயின்றி இருந்த ஒரு சிப்பாயிடமிருந்து ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் பார்சிலோனா பல்கலைக்கழகத்தினர் அதன் குமிழிகளை மட்டும் எடுத்து, குடல் அழற்சி கண்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். அழற்சி குறைந்தது என்று 2017-இல் வெளியிட்டார்கள்.

சரி, கண்ணுக்கே தெரியாத பாக்டீரியாவிலும் பல மடங்கு சிறிய குமிழியைப் பிரிப்பது எப்படி? நம் சமையலறை வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்!

முதலில் பாக்டீரியாவைச் சத்து நீரில் வளர்க்கிறார்கள். பிறகு அதைக் குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால், கழுநீரில் மாவு படிகிற மாதிரி பாக்டீரியா அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை, மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கே அகலமுள்ள துளைகள் கொண்ட வடிகட்டியில் வடிக்கிறார்கள். தப்பிய பாக்டீரியா மேலே தங்கும். குமிழி கீழே இறங்கும்.

அடுத்தது அசுரச் சுழற்சி. பூமியின் ஈர்ப்பைப் போல லட்சம் மடங்கு விசையில், ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில், இரண்டு மூன்று மணி நேரம்! அப்போதுதான் குமிழிகள் அடியில் படியும்.

வேலை முடிந்ததா? இல்லை. கூடவே வேண்டாத புரதங்களும் படிந்திருக்கும். அதனால் நுண்ணிய மணிகள் நிரப்பிய குழாய் வழியே விடுகிறார்கள். சின்னப் புரதங்கள் மணிகளின் துளைகளுக்குள் நுழைந்து தாமதிக்க, பெரிய குமிழிகள் முந்திக்கொண்டு வெளியே வரும். திருவிழாக் கூட்டத்தில் வாண்டுகள் கடை கடையாய் நுழைய, பெரியவர்கள் நேரே வீடு வந்து சேருவது போல!

கடைசியில் சோதனை. ஒரு சொட்டைத் தட்டில் வைத்து, பாக்டீரியா எதுவும் முளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் உருவம் பார்க்கிறார்கள். பாக்டீரியாவே போடாத வெறும் சத்து நீரையும் இதே மாதிரி சுழற்றி, வடித்து, ஒப்பிடுகிறார்கள். அந்த நீரிலேயே குமிழி போன்ற துகள்கள் இருக்கலாமே!

இத்தனை பாடு ஏன்? நல்லது செய்தது குமிழிதானா, ஒட்டிக்கொண்டு வந்த வேறெதுவுமா என்று தெரியவேண்டும் அல்லவா? சில குமிழிகளின் உறையில் காய்ச்சல் உண்டாக்கும் பொருளும் இருக்கும். உயிரில்லை என்பதற்காக எதுவும் சாதுவாகிவிடாது.

இளம் தாய்மார்களே, சுண்டெலிக்குப் பலித்ததெல்லாம் நம் பாப்பாவுக்கு மருந்தாகிவிடாது. "நல்ல பாக்டீரியா" என்று லேபிள் ஒட்டிய பொடி எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரை குழந்தைக்கே ஜீரணமாகாது. அது யாருக்காம்? குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத்தான்! அந்த விருந்தை முதலில் குறையில்லாமல் பரிமாறுவோம்.