கொள்முதல் பயணமும் இரவு ரயிலும்

மதுரை, நெல்லைப் பக்கத்து வியாபாரிகள் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போவதென்றால் பாண்டியன், நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில்கள்தான் தோது. விடுதி வாடகை மிச்சம். ஆனால் தூக்கம் கெட்டால் மறுநாள் விலை பேசும்போது அது காட்டிக்கொடுத்துவிடும்.

நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரிக்கலாம். 9 மணி என்றிருந்ததை ரயில்வே 2017-ல் மாற்றியது. அதுவரை கீழ் பெர்த்காரர் மற்றவர்களுக்கும் உட்கார இடம் தரவேண்டும். எனவே ஏறியதுமே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவது நல்லது. நடு பெர்த்தை விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்காரவும் முடியாது.

ஆர்.ஏ.சி. டிக்கெட் கிடைத்தவர் பாடுதான் திண்டாட்டம். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கட்டணமோ முழு பெர்த்துக்கு! அரை மூட்டை கொடுத்து முழு மூட்டைக்கு விலை வாங்கினால் நம் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? வராதவர் பெர்த் காலியாக இருந்தால் டி.டி.ஆர். ஒதுக்கித் தருவார், ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போன்ற நெடுந்தூர வண்டிகளில் சமையல் பெட்டி உண்டு. மற்ற வண்டிகளில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் பெரிய நிலையங்களில் உணவு வரவழைக்கலாம். (மிளகாய்ப்பொடி தடவிய வீட்டு இட்லிக்கு ஈடில்லை என்பது வேறு விஷயம்.) வண்டியில் வாங்கினால் பில் கேளுங்கள். பில் தராவிட்டால் பணம் தரவேண்டாம் என்று ரயில்வேயே அறிவித்திருக்கிறது. குறை சொல்ல 139-ஐ அழைக்கலாம்.