ஓ.டி.பி.யை வாசிப்பது நாம்தான்!



நம்ம வீடுகளில் ஃபோனுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தால் அதை வாசிக்கிறது யாரு? அம்மையா? ஆச்சியா? "மக்களே, இது என்னதாக்கும்? வாசிச்சுச் சொல்லு" என்று ஃபோன் நம்ம கைக்குத்தான் வரும். அதனால்தான் பேங்க் மோசடி பற்றிய இந்தக் கட்டுரையைப் பெரியவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்க தெருவில் ஒரு மைனி அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாங்க. ஒரு நாள் சாயங்காலம், "பேங்கில் இருந்து பேசுகிறேன் மேடம், உங்க கே.ஒய்.சி. முடிஞ்சு போச்சு, இன்னைக்கே சரி பண்ணாட்டா கணக்கு முடங்கிப் போகும்" என்று ஒருத்தன் பேசினான். பிறகு மெசேஜ் வந்தது. ஆறாம் வகுப்பு படிக்கிற மகன்தான் அந்த ஆறு எண்ணையும் சத்தமாக வாசித்தான். 8,400 ரூபாய் போச்சு. அந்தப் பையனை யாரும் திட்டவில்லை. ஆனாலும் ரெண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அந்த மெசேஜிலேயே, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. நாம எல்லாரும் எண்ணை மட்டும்தான் வாசிக்கிறோம், மீதியை விட்டுவிடுகிறோம்.

ஓ.டி.பி. எதற்கு வருது? திருடனுக்கு நம்ம கார்டு நம்பரோ கணக்கு நம்பரோ முன்னாலேயே தெரிஞ்சிருக்கும். அதை வச்சு அவன் பணம் எடுக்கப் போவான். பேங்கு கம்ப்யூட்டருக்கு, கேட்பது சொந்தக்காரர்தானா என்று ஒரு சந்தேகம் வரும். அதனால் சொந்தக்காரர் ஃபோனுக்கு மட்டும் ஒரு எண்ணை அனுப்பும். அந்த எண்ணைச் சொல்கிறவர்தான் சொந்தக்காரர் என்று அது நம்பும். அப்படியானால் ஃபோனில் பேசுகிறவன் பேங்க் ஆளாக இருந்தால் பேங்கு அனுப்பிய எண்ணையே நம்மகிட்ட எதுக்குக் கேட்கணும்?

இந்தத் திருடர்கள் நமக்குத் தெரிஞ்ச பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் வருவாங்க. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். உடனே அந்தப் பேரைச் சொல்லியே ஓ.டி.பி. கேட்டு அழைப்புகள் வந்தன. யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அரசாங்கமே எச்சரிக்கை விட வேண்டியதாச்சு.

அடுத்தது கல்வி உதவித்தொகை. இதில் நம்மளையே வச்சுத்தான் ஏமாற்றுகிறார்கள். "கல்வித் துறையில் இருந்து பேசுகிறோம்" என்று பெற்றோருக்கு ஃபோன் வரும். பிள்ளையோட பேர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகச் சொல்வான். எங்கிருந்து கிடைத்ததோ! இவ்வளவு தெரிஞ்சவன் பொய்யா சொல்லுவான் என்று அப்பா அம்மா நம்பிவிடுவார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு க்யூ.ஆர். கோடு வரும். ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்பான். போட்டதும் இருக்கிற பணமும் போய்விடும். இப்படிச் செய்த ஒரு கூட்டத்தை 2024-ல் கோயம்புத்தூர் சைபர் கிரைம் போலீஸ் பிடித்தார்கள்.

இதைப் புரிஞ்சுக்க வடசேரி சந்தைக்குப் போனால் போதும். காய் விற்கிற அக்கா கோடு அட்டையை முன்னால் வச்சிருப்பாங்க. நாம ஸ்கேன் பண்ணி, நம்ம பின் நம்பரைப் போடுகிறோம், பணம் அவங்களுக்குப் போகுது. அவங்க பின் போட்டு வாங்கினதை யாராவது பார்த்திருக்கீங்களா? பின் நம்பர் கொடுக்கிறதுக்கு மட்டும்தான். வாங்குகிறதுக்கு ஒன்றும் போட வேண்டாம். உதவித்தொகை வந்தாலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்வான பிள்ளைகளுக்கு ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் நேராக அவங்க கணக்குக்கே வருது. சந்தேகம் இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கிடலாம்.

படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க என்று சில பேர் கேலி பண்ணுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. லூதியானாவில் வர்த்தமான் என்கிற பெரிய ஜவுளி நிறுவனத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷன் விருது வாங்கினவர். 2024 ஆகஸ்டில் அவரையே சி.பி.ஐ. என்று மிரட்டி, வீடியோவில் பொய்யாக ஒரு சுப்ரீம் கோர்ட்டே நடத்தி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம்ம சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. அவர் புகார் கொடுத்த பிறகு 5 கோடிக்கு மேல் மீட்டுவிட்டார்கள்.

மீட்க முடிகிறது எப்படி என்றால், பறித்த பணத்தைத் திருடன் உடனே கையில் எடுக்க மாட்டான், ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவான். அது வழியில் இருக்கும்போதே சொன்னால் பேங்கு நிறுத்தி வைக்க முடியும். (அப்படி மாற்றுவதற்குக் காலேஜ் பிள்ளைகளிடம் கமிஷன் தருகிறேன் என்று கணக்கை இரவல் கேட்பார்களாம். கொடுத்தால் போலீஸ் முதலில் வருவது நம்ம வீட்டுக்குத்தான்.)

பணம் போனதும் கூப்பிட வேண்டிய நம்பர் 1930. இது இந்தியா முழுவதற்கும் உள்ளது. பிறகு பேங்குக்கும் சொல்லணும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் போட்ட உத்தரவில், நாமே எண்ணைச் சொல்லிக் கொடுத்திருந்தால் பேங்கில் சொல்லும்வரை போனது நம்ம நஷ்டம், சொன்ன பிறகு போனது பேங்கு பொறுப்பு என்று இருக்கு. எங்க தெரு மைனி, வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சால் ஏசுவார் என்று பயந்து மூணு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நம்ம மாவட்டத்துக்கு நாகர்கோவிலிலேயே சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கு என்பதும் அவங்களுக்கு அதுக்குப் பிறகுதான் தெரியும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி