உலகைப் படைத்தது ஏன்?

மனிதன் ஒன்றைச் செய்வது பெரும்பாலும் தன் குறையைப் போக்கிக்கொள்ளவே. மழைக்கு அஞ்சி வீடு கட்டுகிறான். பசிக்கு அஞ்சி நிலத்தை உழுகிறான். யாதொரு குறையும் இல்லாதவர் எனக் கிறிஸ்தவர் நம்பும் கடவுள் உலகத்தைப் படைத்தது எதற்காக? ஏதோ ஒன்று வேண்டியிருந்ததால் படைத்தார் எனின், அவர் முழுமையுடையவர் ஆகார். ஒன்றும் வேண்டாமலே படைத்தார் எனின், உலகமும் அதிலுள்ள நாமும் பொருளற்ற விளையாட்டாகிவிடுவோம். மாணவ நேயர்களே, இவ்விரண்டிற்கும் இடையே கிறிஸ்தவ இறையியலார் வழி தேடிய வரலாறு அச்சமயத்தைச் சாராதவரும் அறியத்தக்கது.

கி.பி. 180ஆம் ஆண்டையொட்டி, இன்றைய பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஆயராக இருந்தவர் ஐரேனியஸ். மெய்ஞ்ஞானம் தமக்கே உரியது என்று கூறிக்கொண்ட சில கூட்டத்தார் அந்நாளில் வேறொரு கொள்கையைப் பரப்பினர். இவ்வுலகம் உண்மைக் கடவுளின் படைப்பே அன்று, அறியாமை மிக்க கீழான ஒரு சக்தி செய்த பிழை என்பது அவர்தம் கொள்கை. அவர்களுக்கு உடல் ஒரு சிறை. மண் ஓர் இழிவு. இதனை மறுத்து ஐரேனியஸ் ஐந்து பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை இயற்றினார். மனிதனின் உதவி கடவுளுக்குத் தேவைப்படவில்லை. தம் நன்மைகளைப் பெற ஒருவன் இருக்கவேண்டும் என்றே அவனைப் படைத்தார் என்பது அவர் கண்ட விடை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனையே தருக்க முறையில் நிறுவினார். குறையுடைய எதுவும் செயற்படும்போது தானும் ஒன்றைப் பெறுகிறது. கடவுள் ஒருவரே பெறுதல் இன்றிக் கொடுக்கிறார் என்றார் அவர். ஆசிரியர் கணக்கைக் கற்பிப்பதால் அவரது அறிவு குறைவதில்லை என்று உவமை கூறலாம். ஆனால் ஆசிரியரும் மாதந்தோறும் சம்பளம் வாங்குகிறவரே. உவமை அதற்கு மேல் செல்லாது.

கடவுள் தம் மகிமைக்காகவே உலகைப் படைத்தார் என்னும் கூற்றும் கிறிஸ்தவ மரபில் வலுவானது. அப்படியானால் கடவுள் புகழை விரும்பும் அரசரைப் போன்றவரோ? இந்த ஐயத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஜானதன் எட்வர்ட்ஸ். அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்த மாசச்சூசெட்ஸில், நார்த்தாம்ப்டன் சபையார் 1750இல் அவரைப் பணியினின்று விலக்கினர். பின்னர் ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் எல்லைப்புறச் சிற்றூரில் பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்துகொண்டே படைப்பின் நோக்கத்தைப் பற்றி எழுதினார். 1758இல் அவர் இறந்தார். நூல் 1765இல் வெளிவந்தது. கடவுளின் மகிமையும் மனிதனின் இன்பமும் இரு வேறு இலக்குகள் அல்ல என்பதே அதன் உயிர்நாடி. கடவுளை அறிவதும் அன்பு செய்வதும் அவரில் மகிழ்வதுமே மனிதனுக்குரிய பேரின்பம். அவ்வின்பம் பெருகுவதே கடவுளின் மகிமை விளங்குவதும் ஆகும். கதிரவனின் ஒளி ஒரு பொருளின்மேல் பட்டுத் திரும்புவது போல்வது இது.

இத்துணை நுட்பமாக எண்ணிய எட்வர்ட்ஸ் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. கடவுளின் மகிழ்ச்சியில் பங்குபெறவே மனிதர் படைக்கப்பட்டனர் எனின், அவருள் ஒருவரை மற்றொருவர் விலைக்கு வாங்குவது எங்ஙனம்? அவரது நூலே அவருக்கு எதிராகச் சான்று பகர்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு தடையும் உண்டு. நன்மையைப் பகிரவே உலகம் தோன்றியது என்றால், இவ்வளவு துன்பம் ஏன்? ஆங்கில அறிஞர் ஜான் ஹிக் 1966இல் வெளியிட்ட நூலில் ஐரேனியஸிடமே திரும்பிச் சென்றார். முதல் மனிதன் முதிர்ச்சியுற்றவனாக அன்றி, வளரவேண்டிய குழந்தையாகப் படைக்கப்பட்டான் என ஐரேனியஸ் கருதியிருந்தார். அதனை அடியாகக் கொண்டு, உலகம் இன்பம் நுகரும் மாளிகை அன்று, உள்ளம் பண்படும் களம் என்றார் ஹிக். பண்படுவதற்கு முன்பே இறந்துபோகும் பச்சிளங்குழந்தைக்கு இவ்விளக்கம் எவ்வாறு பொருந்தும் என்று பலர் வினவினர். அவ்வளர்ச்சி சாவோடு முடிவதில்லை என ஹிக் விடையளித்தார். அவ்விடை எல்லாரையும் நிறைவு செய்துவிடவில்லை.