ஆரன் தீவில் கண்டதும் காணாததும்

கரையில் ஒரு தாயும் மகனும் நிற்கிறார்கள். கொந்தளிக்கும் கடலில் ஒரு சிறு தோணி, அதில் தந்தை. 1934இல் வெளிவந்த 'மேன் ஒஃப் ஆரன்' என்ற விவரணப் படத்தின் இறுதிப் பகுதி இது. என்னோடு பார்த்துக்கொண்டிருந்த உம்மா, "யா அல்லாஹ், அந்தப் புள்ளட வாப்பா கரைக்கு வந்திரணும்" என்று துஆக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

அந்த மூவரும் ஒரே குடும்பத்தவர் அல்லர் என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருக்கும் மூன்று சிறிய தீவுகளே ஆரன் தீவுகள். அங்கு சென்று இப்படத்தை எடுத்தவர் ரொபட் ஃபிளஹர்ட்டி என்ற அமெரிக்கர். தீவுவாசிகளுள் தோற்றப் பொலிவுள்ள மூவரைத் தெரிந்தெடுத்து, கணவன், மனைவி, மகன் ஆக்கியவர் அவரே.

படத்தில் பெரிதாகப் பேசப்படுவது சுறா வேட்டை. விளக்கெரிக்க எண்ணெய் வேண்டி, தோணியைவிடப் பெரிதாகத் தெரியும் சுறாவை எறியீட்டியால் குத்துகிறார்கள். ஆனால் அவ்வேட்டை பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. படத்துக்காக அந்த மீனவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது! அந்தச் சுறாவும் மனிதரைத் தின்னும் இனமல்ல. நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிரிகளை வடித்து உண்பது.

ஃபிளஹர்ட்டிக்கு இது புதிதல்ல. 1922இல் வந்த அவரது 'நானூக் ஒஃப் த நோர்த்' படத்திலும், துப்பாக்கி பாவிக்கப் பழகியிருந்த பனிப்பிரதேச மக்களைப் பழைய ஆயுதங்களோடு வேட்டையாட வைத்தார். பனி வீட்டுக்குள் கமராவுக்கு வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்த வீடு கட்டப்பட்டது. வீட்டைத் திறந்து வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். வழக்கொழிந்த வாழ்க்கையை இன்றைய வாழ்க்கை என்று காட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது.

இத்தனைக்கும் அந்தத் தீவில் கற்பனை தேவைப்படாத கஷ்டம் இருந்தது. தரை முழுவதும் சுண்ணாம்புப் பாறை. பாறை இடுக்குகளில் கைவிட்டு மண்ணைத் தோண்டி எடுத்து, கடற்பாசியைக் கூடையில் சுமந்துவந்து, இரண்டையும் பரப்பி உருளைக்கிழங்கு நடுவார்கள். அதாவது, பயிர் செய்வதற்கு முன் நிலத்தையே செய்யவேண்டும். படத்தில் அந்தப் பெண் பாசிச் சுமையோடு குனிந்து நடக்கும் காட்சி எனக்குச் சுறா வேட்டையைவிடப் பெரிதாகப் பட்டது. அது அம்மக்கள் உண்மையாகவே செய்த வேலை.

படம் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதேசமயம், தீவு மக்களின் வறுமைக்குக் கடல் மட்டுமா காரணம், சமூகக் காரணங்கள் எங்கே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இன்னொன்றும் உண்டு. குடும்பம் புனைவு, புயல் புனைவல்ல. கமராவுக்காக அந்தக் கடலில் தோணி செலுத்தியவர்கள் நிஜமான தீவு மீனவர்கள். அவர்களிடம் தான் கேட்டது மிகையானது என்று ஃபிளஹர்ட்டியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். ஏமாந்துவிட்டோம் என்று கோபிப்பார் என நினைத்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "தோணியில போனவங்களுக்கும் புள்ளைகள் இருந்திருக்குமே" என்றார்.