புரோட்டானில் குளுவான் பரவல்

புரோட்டானில் குளுவான் பரவல் என்பது, விரைந்து செல்லும் புரோட்டானின் உந்தத்தில் எவ்வளவு பங்கைச் சுமக்கும் குளுவான்கள் எத்தனை அதனுள் உள்ளன என்பதைத் தரும் சார்பு ஆகும். குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களுக்கு மின்னூட்டம் இல்லை. ஆகவே புரோட்டான் மீது மோதும் எலக்ட்ரான் அவற்றை நேரடியாக உணர்வதில்லை. இப்பரவல் பெரும்பாலும் மறைமுகமாகவே பெறப்படுகிறது.

காணாமற்போன உந்தம்

1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தில் நடந்த எலக்ட்ரான் சிதறல் சோதனைகள், புரோட்டானுக்குள் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள் இருப்பதைக் காட்டின. 1970களில் செர்ன் ஆய்வகத்தின் கார்கமெல் குமிழிக் கலத்தில் கிடைத்த நியூட்ரினோ சிதறல் தரவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, குவார்க்குகளும் எதிர்க்குவார்க்குகளும் சுமப்பது மொத்த உந்தத்தில் ஏறத்தாழப் பாதியே எனத் தெரிந்தது. (தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட ஆய்வுக்கூடத்தால் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்ட நியூட்ரினோவே இது.) மீதிப் பாதி குளுவான்களுக்கு உரியது.

அளவிடும் முறை

புரோட்டானைக் கூடுதல் நுணுக்கத்துடன் நோக்கும்போது, குளுவான்கள் குவார்க்கு, எதிர்க்குவார்க்கு இணைகளாகப் பிரிவது புலப்படும். எனவே சிறிய உந்தப் பங்குகளில், நுணுக்கம் கூடும்போது எலக்ட்ரானுக்குத் தென்படும் குவார்க்குகள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றனவோ, அதற்கேற்ற அளவில் அங்கு குளுவான்கள் உள்ளன எனலாம். இம்மாற்றத்தைத் தரும் சமன்பாடுகள் டோக்சிட்சர், கிரிபோவ், லிப்பாட்டோவ், அல்தாரெல்லி, பரிசி ஆகியோரின் பெயரால் வழங்கப்படுகின்றன.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹெரா மோதுவி, 27.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை, 920 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள புரோட்டான்களுடன் மோதவிட்டது. உந்தப் பங்கு குறையக் குறையக் குளுவான்கள் செங்குத்தாகப் பெருகுவது அதன் தரவுகளில் வெளிப்பட்டது.

பெரிய உந்தப் பங்குகளில் இம்முறை வலுவிழக்கிறது. 1996இல் அமெரிக்காவின் டெவட்ரான் மோதுவியில், மிகு ஆற்றலுடைய துகள்தாரைகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. குவார்க்கே உட்கூறுகளால் ஆனதோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் அப்பகுதியின் குளுவான் பரவலைச் சற்று உயர்த்தினாலே தரவுகள் பொருந்துவது பின்னர்க் காட்டப்பட்டது. அதுவரை அப்பகுதியில் குளுவான் பரவல் போதிய துல்லியத்துடன் அறியப்பட்டிருக்கவில்லை.

பயன்

2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் போசான், பெரிய ஆட்ரான் மோதுவியில் பெரும்பாலும் இரு குளுவான்களின் இணைவால் உருவாகிறது. பின்னர்ச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் இணைந்த வி. ரவீந்திரன், ஸ்மித், வான் நீர்வன் ஆகியோர் 2003இல் ஹிக்ஸ் உருவாக்க வீதத்துக்கான உயர்நிலைத் திருத்தங்களைக் கணித்து வெளியிட்டனர். இத்தகைய கணிப்பிலிருந்து எண் மதிப்பைப் பெற, மோதும் இரு புரோட்டான்களுக்கும் குளுவான் பரவல் தேவை. அதிலுள்ள பிழை விடையில் இருமுறை சேர்கிறது.