இறுகும் கலவை, அசையும் மரம்

வீட்டு மரங்களுள் பெரும்பாலும் முதலில் நோய்ப்படுவது குளியலறை நிலைக்காலின் அடிப்பகுதியே. தரைக்குமேல் ஒரு சாண் உயரத்துக்குள் வண்ணப்பூச்சு கொப்புளிக்கும், பிறகு உரியும், உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். அதே நிலையின் மேற்பகுதியோ முப்பது ஆண்டு கழிந்தும் ஆணி எளிதில் இறங்காத உறுதியோடு நிற்கும். ஒரே மரம், ஒரே தச்சர், ஒரே வண்ணம். கேடு மட்டும் அடியில். விடை மரத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது.

மரம் நெடுக்குவாட்டில் அடுக்கிய நுண்குழல்களின் தொகுதி. வேர்நீரை இலைவரை ஏற்றிய அக்குழல்கள், அறுத்து இழைத்த பின்னும் திறந்த வாயோடுதான் இருக்கின்றன. பக்கமுகத்தில் தெறிக்கும் நீர் மெல்லவே உட்புகும். வெட்டுமுகத்தில் பட்ட நீர் குழல்வாய் வழியே பன்மடங்கு விரைவாக ஏறும். நாமோ நிலைக்காலின் வெட்டுமுகத்தைத் தரையின் சிமெண்டுக்குள் புதைத்துவிட்டு, நனையாத பக்கங்களுக்கு மூன்று பூச்சு வண்ணம் அடிக்கிறோம். குளியலறைக்குக் கருங்கல் நிலை வைப்போர் பெருகியது காரணமின்றி அன்று.

மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகற் பூஞ்சை வளர்வதில்லை. 28 முதல் 30 விழுக்காட்டளவில் குழற்சுவர்கள் நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் நீர் குழல்களுக்குள் தேங்கும். பூஞ்சை விரும்பும் நிலை அதுவே. பழுப்பு அழுகல் எனப்படும் வகை, மரத்துக்கு இழுவலிமை தரும் செல்லுலோசை முதலில் தின்று லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். எஞ்சிய மரம் கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்துக் கட்டங்கட்டமாக உதிரும். இவ்வகையின் கொடுமை அதன் மறைவான போக்கு. எடையில் பத்தில் ஒரு பங்கு குறையுமுன்னரே வலிமையில் பாதிக்கு மேல் போயிருக்கும். பார்வைக்கு மரம் மரமாகவே தோன்றும். ஆகவே கண்ணை நம்பாமல் குத்தூசியை நம்ப வேண்டும். நல்ல மரத்தில் ஊசி சிறிதே இறங்கி நிற்கும். நெம்பினால் நீளச் சிம்பு எழும். கெட்ட மரத்தில் ஊசி ஓசையின்றிப் புதையும். நெம்பினால் துண்டு குட்டையாக முறியும்.

இப்படிக் குழிந்த மரத்தை அடைக்க முன்னோர் பல பொருள்களைக் கையாண்டனர். சீமைச்சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கு, உருக்கி ஊற்றிய அரக்கு, வச்சிரத்தில் குழைத்த மரத்தூள் ஆகியவை அவற்றுட் சில. இன்று வச்சிரத்தின் இடத்தில் ஃபெவிகால் வந்திருக்கிறது, முறை மாறவில்லை. சிறு வெடிப்புக்கும் ஆணித்துளைக்கும் இவை போதும். ஆழமான குழிக்கு இவற்றுள் பசைக்கலவையும் மக்கும் தோற்பதற்குக் காரணம் அவை இறுகும் விதம். பசையிலிருந்து நீர் வெளியேற வேண்டும். வெளியேறிய அளவுக்குக் கலவை சுருங்கும். எண்ணெய் மக்கு காற்றின் உயிர்வளியை உண்டு இறுகுவது. மேலே தோல் கட்டியபின் உள்ளே காற்று செல்லாது. கட்டைவிரல் ஆழக் குழியை இவற்றால் ஒரே முறையில் நிரப்பினால் மேற்புறம் காய்ந்து வெடிக்கும், உட்புறம் பச்சையாகவே கிடக்கும்.

இரு கூட்டுப் பட்டியின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அது காய்வதில்லை, வினைபுரிந்து இறுகுகிறது. வெளியேற நீரும் வேண்டா, உட்புகக் காற்றும் வேண்டா. இரண்டு பொருள்கள் தம்முள் சேர்ந்து ஒரே பெருமூலக்கூறு வலையாகின்றன. குழியின் அடியும் விளிம்பும் ஏறத்தாழ ஒன்றாக இறுகுகின்றன.

கடைகளில் கிடைப்பவற்றுள் இரண்டு குடும்பங்கள் முதன்மையானவை: பாலியெஸ்டர், எப்பாக்சி. வெளித்தோற்றத்தில் உறவினர் போன்ற இவ்விரண்டும் வேதியியலில் வேறு வேறு. இதை அறியாமையால் வீணான வேலைகள் பல.

பாலியெஸ்டர் பட்டி வண்டிகளின் நசுங்கிய தகட்டைச் சமன்செய்யும் பட்டறைகளில் பெருவழக்காயிருப்பது. மரத்துக்கென விற்கப்படுவதும் அதன் உடன்பிறப்பே. ஸ்டைரீனில் கரைந்த பாலியெஸ்டர் பிசினோடு மாக்கல் தூள் போன்றவற்றைக் கலந்த கூழ் ஒரு தகரத்தில் வரும். பென்சாயில் பெராக்சைடு கலந்த செந்நிறப் பசை ஒரு சிறு குழாயில் வரும். அப்பசை சேர்க்கப்படுவது பட்டியின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. அது கட்டுமானப் பொருளன்று, தூண்டுகோல். பெராக்சைடு பிளந்து உண்டாகும் தனியுறுப்புகள் முதற் பிணைப்பைத் திறந்துவிட, ஒன்று அடுத்ததைத் தூண்ட, வினை சங்கிலியாகத் தானே ஓடும். அதனால் பசை சற்றுக் கூடினால் விரைவில் இறுகும், குறைந்தால் தாமதமாகும், எப்படியும் இறுகும். மிகக் கூடினால் பட்டி நொறுங்குந் தன்மை பெறும். செந்நிறம் மேற்பூச்சில் கசிந்து தெரியவும் கூடும்.

எப்பாக்சியில் இரண்டாம் கூட்டு தூண்டுகோலன்று, சரிபாதிக் கூட்டாளி. பிசின் மூலக்கூறின் முனைகளில் இரு கரியணுவும் ஓர் உயிர்வளியணுவும் சேர்ந்த முக்கோண வளையம் உண்டு. 60 பாகைக்கு வளைக்கப்பட்ட பிணைப்புகளாதலால் அவ்வளையம் எப்போதும் இறுக்கத்தில் இருக்கிறது. கெட்டியாக்கி எனப்படும் மற்றக் கூட்டிலுள்ள அமீனின் ஒவ்வொரு நீரகமும் ஒரு வளையத்தைத் திறந்து அங்கேயே பிணைந்துகொள்கிறது. எண்ணுக்கு எண் கூட்டாளி வேண்டும். கெட்டியாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் விரைந்து இறுகும் என்று எண்ணுவோர் பலர்; கூடுதலான அமீன் துணையின்றி வலைக்குள் தனித்துக் கிடக்கும், பட்டி என்றென்றும் பிசுபிசுக்கும். உறையில் ஒன்றுக்கு ஒன்று என்றோ இரண்டுக்கு ஒன்று என்றோ அச்சிட்டிருப்பதைக் கண்மதிப்பால் அளக்கக் கூடாது. எடையா பருமனா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒன்றல்ல.

வளையம் திறக்கும்போது அவ்விடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டாகிறது. மரத்தின் செல்லுலோசும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்ததே. இரண்டும் நீரகப் பிணைப்பால் பற்றிக்கொள்வது எப்பாக்சி மரத்தை விடாது பிடிப்பதற்கு ஒரு பெருங் காரணம். பாலியெஸ்டருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. இறுகும்போது அது சுருங்குவதும் கூடுதல்.

எப்பாக்சி பிறந்த கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் பியர் கஸ்தான் 1930-களில் இப்பிசினை ஆராய்ந்தது தச்சுக்காகவும் அன்று, வானூர்திக்காகவும் அன்று; பல்மருத்துவத்துக்குரிய வார்ப்புப் பொருளுக்காக. பல்மருத்துவத் துறையில் அது நிலைபெறவில்லை. பாசல் நகரின் சீபா நிறுவனம் உரிமையைப் பெற்று, 1946-இல் அரால்டைட் என்னும் பெயரில் அதை ஒட்டுபசையாக அறிமுகம் செய்தது. சொத்தைப் பல்லை அடைக்கும் மருத்துவர் கைக்கொள்ளும் ஒழுங்கு, உளுத்த நிலைக்காலை அடைப்பவருக்கும் அப்படியே பொருந்தும்: கெட்டதை முற்றும் அகற்று, உலர்த்து, பின்னரே அடை.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் பொறுமை இழக்கின்றனர். கெட்ட பகுதியை உளியால் நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டியெடுத்து, பல நாள் காற்றாட விட வேண்டும். எஞ்சிய பூஞ்சைக்கு வெண்காரக் கரைசலைத் தடவலாம். தடவினால் மீண்டும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தின்மேல் பட்டியை அப்பினால் ஈரத்தைச் சிறைவைத்ததாகும். பூஞ்சை உள்ளே தன் வேலையைத் தொடரும். ஈராண்டில் பட்டி சற்றும் பழுதின்றி முழுதாகக் கழன்று கையில் வரும். அதைச் சுற்றியிருந்த மரம்தான் இராது.

நீர்போல் இளகிய எப்பாக்சியைத் துளையிட்டு ஊற்றி, நைந்த மரத்தையே ஊறவைத்துக் கெட்டியாக்கும் முறையும் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பழைய மரச் சாளரங்களைப் பற்றி 1981-இல் வெளியிட்ட குறிப்பேடு எப்பாக்சியால் மரத்தை உறுதிப்படுத்துவதையும் பேசுகிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள பழங்கதவுக்கு இது தக்க வழி. அங்கே வெட்டியெறிவது இழப்பு. ஆனால் வண்ணம் பூசிய குளியலறை நிலைக்கு வெட்டுவதே மேல் என்பது என் துணிபு. அழுகல் எங்கே முடிகிறதோ அதுவரை பிசின் இறங்கிற்றா என்று வெளியிலிருந்து அறிய இயலாது.

பாலியெஸ்டர் பட்டியைக் கலக்கும் காட்சி கவனித்தற்குரியது. தட்டையான தகட்டில் வெளிர்நிறக் கூழும் செந்நிறப் பசையும் முதலில் கோடுகோடாக இழையும். தேய்த்து மடித்துத் தேய்க்க, கோடுகள் மெலிந்து ஒரே இளஞ்சிவப்பாகும். ஒரு கோடு எஞ்சினாலும் அவ்விடம் சரியாக இறுகாது. சற்று நேரத்தில் தகட்டின் அடியைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். பிணைப்புகள் உருவாகும்போது வெளிவரும் வெப்பம் அது. அவ்வெப்பம் வினையை இன்னும் விரைவுபடுத்தும். பொதுவாக 10 பாகை செல்சியசு கூடினால் வினைவேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பர். 25 பாகையில் பத்து நிமிடம் பதம் தாங்கும் பட்டி, சித்திரை நண்பகலில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே தாங்கும். எப்பாக்சியை ஆழமான கிண்ணத்தில் குவித்து வைத்தாலோ வெப்பம் போக வழியின்றிப் புகையெழும்; தட்டில் பரப்பி வைப்பதே முறை.

பாலியெஸ்டர் முழுக்கக் கல்லாகுமுன் ஒரு பதம் உண்டு. அப்போது உளியால் சீவினால் சுருள்சுருளாக வரும். மிகுதியை அந்நேரத்தில் சீவிவிட்டால் பின்னர் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டாம். மேல்தோல் மட்டும் சற்று ஒட்டும் தன்மையோடு இருக்கக் கூடும். காற்றின் உயிர்வளி தனியுறுப்புகளை மடக்குவதால் வருவது அது. எப்பாக்சிக்குத் தொல்லை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வளியோடும் சேர்ந்து மேலே வழுவழுப்பான படலம் கட்டும். வெந்நீரும் துணியும் கொண்டு துடைத்தெடுத்த பின்பே வண்ணம் பிடிக்கும்.

அமீன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், ஸ்டைரீன் ஆவி தீப்பற்றும். கையுறையும் திறந்த சாளரமும் கட்டாயம்.

மரம் செத்த பொருளாயினும் அசையாப் பொருளன்று. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்கையில் தேக்கு ஆரப்போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும், சுற்றுப்போக்கில் 6-க்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்குகிறது. நெடுக்கில் அசைவு புறக்கணிக்கத்தக்கது. பிற மரங்களுள் பல இதனினும் மிகுதியாக அசையும். மழைக்காலத்தில் கதவு பிடிப்பதும் கோடையில் தளர்வதும் இதனால்தான். பட்டியோ அவ்வாறு பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குவதில்லை. விறைத்த பாலியெஸ்டரின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு தோன்றி, அதன்வழி நீர் புகுந்து, பழைய கதை தொடங்குவது இவ்வேறுபாட்டால். சிறிது நெகிழும்படி அமைத்த எப்பாக்சி இங்கே மேம்பட்டது. மழையும் வெயிலும் படும் வாசற்காலுக்கும் சாளரச் சட்டத்துக்கும் அதையே தேர்வேன். வீட்டுக்குள் அலமாரி மூலை உடைந்ததற்குப் பாலியெஸ்டர் போதும், விலையும் குறைவு. வைரம் பாய்ந்த தேக்காயின் அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுக்குப் பகை. பட்டி வைப்பதற்குச் சற்றுமுன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இறுகியபின் வண்ணம் பூசாமல் விடுவது தவறு. எப்பாக்சியை வெயிலின் புறவூதாக் கதிர் மஞ்சளாக்கி மாவாக உதிர்க்கும். மாக்கல் தூள் நிறைந்த பாலியெஸ்டர் ஈரம் குடிக்கும். மெருகெண்ணெய் பூசி மரவரி தெரிய வைக்கும் இடங்களுக்கோ இரண்டுமே உதவா. மரம் ஏற்கும் சாயத்தைப் பட்டி அவ்வாறு ஏற்பதில்லை. திட்டு தனித்துத் தெரியும். அங்கே அதே மரத்தில் துண்டு வெட்டிப் பதிப்பதே வழி.

சுமை தாங்கும் இடமும் அப்படியே. நிலைக்காலின் குறுக்களவில் பாதிக்கு மேல் போயிருந்தால் பட்டியை மறந்துவிட்டு, கெட்ட அடியை அறுத்தெடுத்துப் புதுத்துண்டைப் பொருத்தி இணைக்க வேண்டும். அத்துண்டின் வெட்டுமுகத்தில் எப்பாக்சி பூசிக் குழல்வாய்களை அடைத்து, அடியில் ஒரு கருங்கல் துண்டைக் கொடுத்துத் தரைநீரிலிருந்து உயர்த்த வேண்டும். கீல் இருக்கும் இடம் கெட்டிருந்தால், எப்பாக்சி நன்கு இறுக ஒருநாள் விட்டு, திருகாணியின் தண்டினும் சற்று மெல்லிய துளையிட்டே முறுக்க வேண்டும். துளையிடாமல் முறுக்கினால் பட்டி பிளக்கும். பாலியெஸ்டரில் கீல் திருகாணியை ஏற்றவே வேண்டாம். நாள்தோறும் பலமுறை திறந்தடைக்கும் கதவின் இழுப்பை அது நெடுநாள் தாங்காது.