மண்ணின் கார்பனை ஒளி சொல்லுமா?

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் எவ்வளவு கறுப்பு! அதில் அங்ககக் கார்பன் நிறைந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் கரிசல் நிலங்கள் பலவற்றில் அது நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

அங்ககக் கார்பன் என்பது மட்கிய இலை தழை, வேர், சாணம் ஆகியவற்றிலிருந்து மண்ணில் சேரும் கார்பன். சுண்ணாம்பிலுள்ள கார்பன் இதில் சேராது. மண் நீரைப் பிடித்து வைக்கவும், பயிருக்கு ஊட்டம் தரவும் இது தேவை.

இதை அளக்க 1934-இல் வாக்லி, பிளாக் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துக் கார்பனை ஆக்சிகரணம் செய்வார்கள். செலவான டைகுரோமேட்டின் அளவிலிருந்து கார்பனைக் கணக்கிடுவார்கள். ஆனால் எஞ்சும் குரோமியக் கழிவு நச்சுத்தன்மை உடையது. நேரமும் பிடிக்கும்.

ஒளியைக் கொண்டு அளந்தால் என்ன? உலர்த்திச் சலித்த மண்ணின் மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை நிறமாலைமானியால் அலைநீளம் வாரியாக அளக்கிறார்கள். நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். கருவியோ அகச்சிவப்புப் பகுதியில் 2500 நானோமீட்டர் வரை பார்க்கும்.

அங்கே என்ன தெரிகிறது? மூலக்கூறுகளின் பிணைப்புகள் சுருள்வில் போல் அதிர்கின்றன. வீணைக் கம்பியை மீட்டினால் அடிப்படைச் சுரத்துடன் மேற்சுரங்களும் எழுகின்றன அல்லவா? அதுபோல, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய 3400 நானோமீட்டரில் ஒளியை உட்கவர்கிறது; அதன் முதல் மேற்சுரம் 1700-ஐ ஒட்டி அமைகிறது. ஆனால் இந்தத் தடயம் மிக மெல்லியது. நீர் 1400, 1900 நானோமீட்டர்களை ஒட்டியும், களிமண் 2200-ஐ ஒட்டியும் ஒளியை விழுங்கி அதை மறைக்கப் பார்க்கின்றன.

ஆகவே கருவி கார்பனை நேராக அளப்பதில்லை, ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. நைரோபியிலுள்ள உலக வேளாண் காடுகள் மையத்தின் ஷெப்பர்டு, வால்ஷ் ஆகியோர் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் ஆயிரத்துக்கு மேற்பட்ட மண் மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தில் அளந்த மதிப்புகளோடு நிறமாலைகளைப் பொருத்தி ஒரு பகுதி மாதிரிகளால் சூத்திரம் அமைத்தார்கள். மீதியில் அதைச் சோதித்தார்கள்.

அந்தச் சூத்திரத்தை அப்படியே கரிசலுக்குப் பயன்படுத்தலாமா? கூடாது. அறியாத மண்ணை வைத்தாலும் கருவி தயங்காமல் ஓர் எண்ணைக் காட்டும். நம் நாட்டு மண் பரிசோதனையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', 0.75-க்கு மேலே இருந்தால் 'மிகுதி'. இடைவெளி கால் சதவீதம்தான்! அந்த அளவு பிழை நேர்ந்தால், எரு தேவைப்படும் நிலத்துக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடுவோம். நட்டம் உழவருக்கு.

எனவே அந்தந்த வட்டார மண்ணில் சில மாதிரிகளையாவது வேதியியல் முறையில் அளந்து சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒளியே விரைவாகப் பார்த்துவிடும். மாணவர்களே, எந்தக் கருவி எண்ணைக் காட்டினாலும் முதலில் கேளுங்கள்: "இதற்குப் பாடம் சொன்னது எந்த மண்?"